தென்காசிச் சுவரில் என் தலை எண்ணெய்

குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறதென்று ஆபீஸில் ஒருவர் வீடியோ காட்டினார். ஆடி மாதம், கையில் இரண்டு நாள் லீவு, கிளம்பிவிட்டேன். மதுரையிலிருந்து தென்காசி 160 கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம், டிக்கெட் 150 ரூபாய். சனிக்கிழமை பத்தேகாலுக்கு இறங்கி, டவுன் பஸ்ஸில் குற்றாலம் போனேன். எண்ணெய் மசாஜுக்கு 300 ரூபாய். அருவியில் சோப்பு, சீயக்காய்க்குத் தடை என்பதால் தலை நிறைய நல்லெண்ணெயோடுதான் திரும்ப வேண்டும். அதுவும் ஒரு சுகம்தான்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் (200 ரூபாய்) தன் தெருவில் ஒரு காலி வீட்டில் நடக்கும் ஓவியக் கண்காட்சியைப் பற்றிச் சொல்லி, அங்கேயே இறக்கிவிட்டார். வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு மஸ்கட்டில் இருக்கிறார்கள். புதுக் குடித்தனம் ஆவணியில்தான் வருகிறது. அதுவரை சாவி தெருக்காரர்களிடம். என்ன வேண்டுமானாலும் வரையலாம், ஆனால் வெள்ளையடித்துத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அனுமதி இலவசம்.

நடு அறை முழுக்கக் கரிக்கோட்டில் ஆளுயர மனிதர்கள். தெருவில் ஒவ்வொருவரையும் சுவரோடு நிற்க வைத்து, தையல் தைக்கும் ரஹ்மத் அக்கா சுற்றிக் கோடு இழுத்திருக்கிறார். முகத்தை அவரவரே வரைந்துகொள்ள வேண்டும். ஒரு கண் பெரிதாக, மீசை கோணலாக, பார்க்கவே அத்தனை சந்தோஷம். முழுச் சுவரும் போட்டோவில் விழவேண்டுமே என்று பின்னால் நகர்ந்து எதிர்ச்சுவரில் தலையைச் சாய்த்தேன்.

நிமிர்ந்தபோது டீக்கடைக்காரரின் முகம் இருந்த இடத்தில் என் தலையளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை. யாரும் பார்க்கவில்லை. சத்தம் போடாமல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

பத்து நிமிடம் கழித்து ரஹ்மத் அக்கா கறையைப் பார்த்தார். பக்கத்தில் தன் முகத்தை வரைந்துகொண்டிருந்தவர் எண்ணெய்ச் செக்கில் வேலை பார்க்கும் முருகையா. நாலு நாள் கூப்பிட்டபின் அன்றுதான் உள்ளே வந்தாராம்.

"அண்ணாச்சி, கைகால் கழுவிட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?"

அறையில் இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். முருகையா கறையருகே முகத்தைக் கொண்டுபோனார், என் துண்டை ஒருமுறை பார்த்தார், கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். பாதி முகம் அப்படியே நின்றது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு மதியம் மனசு கேட்காமல் மறுபடி போனேன். வீட்டில் முருகையா மட்டும் இருந்தார். எண்ணெய் மேல் வெள்ளை ஒட்டாது என்பதால் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கி நான்தான் என்றேன்.

"தெரியும் சார். நாங்க கடலெண்ணெ மட்டுந்தான் ஆட்டுதோம். இது நல்லெண்ணெ, மோந்தாலே தெரியும்."

நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன். கேட்டிருக்கவே கூடாத கேள்வி.

"நான் சொன்னா யாரு நம்புவா? எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அஞ்சு மணிக்கு எல்லாரும் வருவாவ. அவுகட்டச் சொல்லுங்க."

கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். மூன்றரை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்தத் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: கறை முருகையாவுடையது அல்ல, என்னுடையது. தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு மீதி முகத்தை வரையச் சொல்லுங்கள்.

போகிறவர்களுக்கு: லாட்ஜ் 900 ரூபாய். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு அந்த வீட்டுக்குப் போங்கள். திரும்புவதைப் பற்றிக் கவலை வேண்டாம், தென்காசியிலிருந்து மதுரைக்கு ராத்திரி பத்து மணி வரை பஸ் உண்டு. எனக்கும் அது தெரியும்.