சபாநாதன் அண்ணை அடித்துத் திருத்திய வரி

ரெலிபோன் அடித்தபோது நான் ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளுக்கு நடுவே நின்றேன். “அவர் போயிட்டார், தங்கச்சி,” என்றார் சபாநாதன் அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா. தொடங்கிய சோதனையைப் பாதியில் விட்டால் அத்தனை பேரின் இரத்தமும் வீணாகிவிடும். அதனால் அழுதுகொண்டே முடித்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். திரு. சபாநாதன் அவர்கள் அப்படித்தான் எங்களைப் பழக்கி வைத்திருந்தார்.

எழுபத்தைந்தாம் ஆண்டு நான் சிட்னிக்கு வந்து, பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மூத்த தொழில்நுட்பவியலாளராக இருந்தவர் அவர். முதல் நாளே, “நீர் எந்த ஊர்?” என்று தமிழில் கேட்டு என்னைத் திடுக்கிட வைத்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணை. வென்ட்வேர்த்வில்லில் இருந்த அவருடைய வீடு எங்களுக்கு இரண்டாவது வீடாயிற்று.

எங்கள் வேலையை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. புற்றுநோய் உள்ளவர்கள் சிலரின் இரத்தத்தில் ஒருவகைப் புரதம் கூடியிருக்கும். வாய், நாக்கு, தொண்டையில் நோய் வந்தவர்களிடம் அந்த அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், நோய் மீண்டும் வருமா, ஆள் எவ்வளவு காலம் இருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அதைத்தான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. சிகரெட் புகைப்பவர்களுக்கு நோய் இல்லாவிட்டாலும் அந்த அளவு ஏறும். ஆகவே பதிவுக் கொப்பியில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, அந்த ஆள் புகைப்பவரா இல்லையா என்று எழுதியிருக்க வேண்டும்.

அந்தக் கட்டத்தை நிரப்புவதில் அண்ணை பொல்லாதவர். லொறி ஓட்டும் ஒருவர் தான் சிகரெட்டை விட்டு ஆறு மாதம் என்று சாதித்தார். அவருடைய விரல்கள் மஞ்சளாக இருந்ததைப் பார்த்து நான் ‘புகைப்பவர்’ என்று எழுதப் போனேன். அண்ணை தடுத்துவிட்டு, அவரைக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அரைமணி நேரம் கதைத்து, அவருடைய வாயாலேயே உண்மையை வாங்கி வந்தார். “நீர் எழுதப் போனது சரிதான். ஆனா கேட்டு எழுதேல்லை, நினைச்சு எழுதப் போனீர்,” என்று எனக்கொரு குட்டும் வைத்தார்.

அப்படிப்பட்ட மனிதரின் நாக்கு ஓரத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. அவரும் இருபது வருடம் புகைத்தவர்தான். நோய் இன்னதென்று தெரிந்த அன்றே விட்டார். நாக்கில் ஒரு பகுதியை வெட்டினார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவருடைய பேச்சு கொழகொழவென்றுதான் வரும். ஆறு கிழமைக்கு ஒருமுறை அவருடைய இரத்தமும் எங்கள் மேசைக்கு வந்தது. அதைச் சோதிக்க வேண்டியவள் நான். முடிவு வரும் நாளில் பரமேஸ் அக்கா ரெலிபோன் எடுத்து, நல்ல அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்பார். அவருக்கு அரிசி தேவையில்லை என்று எனக்கும் தெரியும். “எல்லாம் முந்தின மாதிரித்தான் அக்கா,” என்பேன். உடனே வைத்துவிடுவார்.

நான்காவது முறை அளவு ஏறியது. இரண்டாம் தரமும் செய்து பார்த்தேன், அதேதான். சத்திரசிகிச்சை நிபுணர் அண்ணையையும் அக்காவையும் கூப்பிட்டு, நோய் திரும்பியதாகவும் இருக்கலாம், களவாய்ப் புகைத்தாலும் இப்படி வரும், எதற்கும் கெதியில் வடிவாகச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லி, நாலு கிழமையில் ஒரு நாளும் குறித்தார். அண்ணை தான் புகைக்கவில்லை என்றார். அக்கா அதை நம்ப விரும்பவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், நானும் விரும்பவில்லை. இந்த மனிசன் எங்கேயாவது ஒளித்துநின்று ஊதிக்கொண்டிருக்கவேண்டும் கடவுளே என்று நாங்கள் இரண்டு பேரும் நேர்ந்துகொள்ளாத குறை. அக்கா சாப்பாடு தண்ணி இல்லாமல், இரவு முழுக்கக் கதிரையில் இருந்தபடி அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பகலில் சட்டைகளை மணந்து பார்த்தார், பொக்கற்றுகளைத் துழாவினார்.

மூன்றாம் கிழமை அக்காவின் குரல் ரெலிபோனில் துள்ளியது. “பிடிச்சிட்டன் தங்கச்சி, ஆளைப் பிடிச்சிட்டன். கோட்டுப் பொக்கற்றுக்கை சிகரெட் பெட்டி!” அதில் பாதி முடிந்திருந்ததாம். கேட்டபோது அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். எனக்கும் உயிர் வந்தது. அந்தச் சந்தோசப் புளுகத்தில் கொப்பியை எடுத்து அவருடைய எண்ணுக்கு எதிரே ‘புகைப்பவர்’ என்று எழுதினேன். நிபுணரின் அலுவலகத்துக்கும் சொன்னேன். அப்படியென்றால் அவசரமில்லை என்று அவரைப் பார்க்கவிருந்த நாளைத் தள்ளிவைத்தார்கள். அண்ணையை ஒரு சொல் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவர் பழக்கிய நான்தான் அதைச் செய்தேன்.

நாலு நாள் கழித்து அவர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். வழக்கம்போலக் கொப்பியைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

“ஆர் எழுதினது?”

“நான்தான், அண்ணை.”

“என்னைக் கேட்டனீரோ?”

அவர் பேனையை எடுத்து, நான் எழுதிய சொல் மறையாதபடி நடுவில் ஒரு கோடு இழுத்தார். எங்கள் கொப்பியில் பிழையை அழிக்கக்கூடாது, அப்படித்தான் திருத்தவேண்டும். பக்கத்தில் ‘புகைப்பதில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். பிறகு கதிரையில் இருந்து, ஒவ்வொரு சொல்லாக, மெல்லச் சொன்னார். பெட்டியை வாங்கி வைத்தது அவர்தான். பாதியை நொறுக்கி எறிந்துவிட்டு, அக்கா தேடுகிற இடம் பார்த்து வைத்திருக்கிறார்.

“அவள் மூண்டு கிழமையாய் நித்திரை கொள்ளேல்லை. பெட்டியைக் கண்ட அண்டைக்குத்தான் விடியுமட்டும் படுத்தாள். அவளுக்குப் பொய் சொல்லலாம், பிள்ளை. இந்தக் கொப்பிக்குச் சொல்லேலாது. இதைப் பார்த்துத்தானே நாளைக்கு இன்னொருத்தனுக்குச் சொல்லப்போறாங்கள், நீ எவ்வளவு காலம் இருப்பாய் எண்டு.”

நிபுணரின் அலுவலகத்துக்கு மறுபடி ரெலிபோன் எடுத்தேன். அடுத்த நாளே பார்த்தார்கள். தாடைக்குக் கீழே, விரலுக்குத் தட்டுப்படுமோ படாதோ என்ற அளவில் ஒரு கட்டி இருந்தது. கழுத்தில் இரண்டாவது சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். அந்த அளவு ஏறியது கட்டியால்தானா என்று நிபுணருக்கும் அடித்துச் சொல்லத் தெரியவில்லை. வேறு சிலருக்கு அது ஏறாமலே நோய் திரும்பியதை நாங்களே கண்டிருக்கிறோம். அந்த எண்ணை நம்பியும் இருக்கமுடியாது, நம்பாமலும் இருக்கமுடியாது. அந்தத் தவிப்பு இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.

அக்காவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். “வேண்டாம், நீரும் சொல்லாதையும். என்னைப் பேசட்டும், திட்டட்டும். பேசிற வரைக்கும் அவளுக்குத் தெம்பு இருக்கும்,” என்றார். நான் வாக்குக் கொடுத்தேன். அக்காவும் குறை வைக்கவில்லை. வெட்டின நாக்கோடை சிகரெட் கேட்டுதோ என்று, விருந்தாளிகளுக்கு முன்னாலும் அந்த ஒரு வருடமும் பேசினார்.

செத்தவீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தச் சனியனை விட்டிருந்தால் இருந்திருப்பார். நானும் பெட்டியைக் கண்டு சிரிச்சனான், விசரி,” என்று தலையில் அடித்துக்கொண்டார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீதான் எழுதவேண்டும், மற்றவர்கள் திருந்தும்படி அந்தப் பழக்கத்தையும் ஒளிக்காமல் எழுது என்றும் சொன்னார். ஒருமுறை அவரைக் கேட்காமல் எழுதியவள் நான். இரண்டாம் முறையும் அதே சொல்லை அவருடைய பெயருக்கு எதிரே எழுத என்னால் முடியாது.

ஆகவே நேற்றுப் பின்னேரம் இதுவரை எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அச்சில் பார்த்து அவர் அறியக்கூடாது என்பதற்காக. “ஒரு வருசம் அவரைப் பேசினன்,” என்றார். “ஒருநாளாவது, நான் சிகரெட் பத்தேல்லையடி எண்டு சொல்லியிருக்கலாம்.” பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, “உள்ளபடி போடு. ஒரு எழுத்தும் மாத்தாதை,” என்றார்.

அண்ணை, உங்களுக்குத் தந்த வாக்கை மீறிவிட்டேன். கடைசியாக உங்கள் குசினியில் நான் கண்ட காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை. அக்கா பேசப் பேச நீங்கள் “ஓம், ஓம்” என்று தலையாட்டியபடி, கரண்டி கரண்டியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாசலில் நிற்பதைக் கண்டதும், மூச்சு விடாதை என்பதுபோல என்னைப் பார்த்தீர்கள். இனி உங்களை ஒருவரும் பேசமாட்டார்கள். போயிட்டு வாங்கோ, அண்ணை.