ஞாயிறு விடுமுறையான முதல் வாரம்

2022 செப்டம்பர் 6: 61,400 ரிங்கிட்
2023 செப்டம்பர் 5: 63,850 ரிங்கிட்
2024 செப்டம்பர் 3: 64,200 ரிங்கிட்
2025 செப்டம்பர்:

கிளாஸ்கோவில் படிக்கும் லோஷினிக்குக் கோலாலம்பூரிலுள்ள ஓர் அறவாரியம் தரும் கல்விக் கடன் இது. நான்கு ஆண்டுப் படிப்பு, நான்கு தவணை. கடைசி வரியில் தொகை ஏறுமா, ஏறாதா என்பது இவ்வாண்டு ஜனவரி மாதத்தின் முதல் வார இறுதியில் தீர வேண்டியிருந்தது.

லோஷினி 2003-இல் கூலாயில் பிறந்தவள். தந்தை ராஜசேகரன் செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். தாயாருக்கு ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை. செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற நான் அவர்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருக்கிறேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் மணியம் இருக்கிறார். செம்பனைக் குலை விழுந்து இடது காலை இழந்தவர். அவருடைய செயற்கைக் கால் நடக்கும்போது கீச்சிடும். பன்னிரண்டு வயதில் லோஷினி தையல் இயந்திர எண்ணெயைக் கொண்டுபோய் அதன் மூட்டில் தாராளமாக ஊற்றினாள். கீச்சு நின்றது. மறுநாள் காலை மூட்டு நழுவி மணியம் சாக்கடையில் விழுந்தார்.

"எண்ண போட்ட டாக்டரு இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு வரட்டும்" என்றுதான் அவர் சொன்னார். திட்டவில்லை. அவள் இப்போது படிப்பது செயற்கைக் கை கால் செய்து பொருத்தும் படிப்பு.

கடனுக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். ஒருவர் ராஜசேகரன். மற்றவர் லோஷினியின் தாய்மாமன் செல்லப்பன். அவர் சென்ற அக்டோபரில் மாரடைப்பில் காலமானார். புதிய ஜாமீன்தாரரைச் சேர்த்து, ஜனவரி 10-க்குள் ஒப்பந்தம் வந்து சேராவிட்டால் கடன் அத்துடன் நின்றுவிடும் என்று அறவாரியம் எழுதியது. எனக்கு ஓய்வூதியம் இருப்பதால் நான் முன்வந்தேன். ஒரே ஒரு நிபந்தனைதான் தொல்லை: மாணவியும் இரண்டு ஜாமீன்தாரர்களும் உயர்நிலை அரசாங்க அதிகாரி ஒருவரின் முன்னால் ஒன்றாக நின்று கையெழுத்திட வேண்டும். அதிகாரி தம் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் வைக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த லோஷினிக்கு ஜனவரி 5, ஞாயிறு இரவு சிங்கப்பூரிலிருந்து விமானம். அதற்கு முந்தைய நாள்களை அவளும் அவளுடைய மூன்று பள்ளித் தோழர்களும் நவம்பரிலேயே வாட்ஸ்அப்பில் பங்கு போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜொகூர் பாருவில் பௌலிங். சனிக்கிழமை ரெங்கத்தில் விருந்து. ஞாயிறு காலை அரசாங்க அலுவலகத்தில் கையெழுத்து. மாலையில் பயணம்.

வெள்ளிக்கிழமை பௌலிங் கூடத்துக்கு இரண்டு பேர் நேரத்துக்கு வந்தார்கள். பெர்மாஸ் ஜெயாவில் தங்கி, தினமும் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்குப் போய்வரும் ரூபேந்திரன் அன்று விடுப்பு எடுத்திருந்தான். ரெங்கத்தில் கோழி லோரி ஓட்டும் ஹேமநாதன் வழக்கத்துக்கு மாறாக நல்ல சட்டை போட்டிருந்தான். ஜொகூர் பாருவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எவ்லினை மட்டும் காணவில்லை. மதியத்துக்கு மேல்தான் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"தூங்கிட்டேன் லா! வெள்ளிக்கிழமைதானேன்னு அலாரமே வைக்கல. ஏழே முக்காலுக்கு எங்க தலைமையாசிரியர் போன் பண்றாங்க. 'டீச்சர், உங்க பிள்ளைங்க முப்பது பேரும் கிளாஸ்ல டான்ஸ் ஆடுறாங்க, நீங்க எங்க ஆடுறீங்க'ன்னு கேக்குறாங்க."

பதினோரு ஆண்டுகளாக ஜொகூர் மாநிலத்தில் அரசாங்க விடுமுறை வெள்ளியும் சனியும்தான். பள்ளிகளும் அலுவலகங்களும் ஞாயிறன்று திறந்திருக்கும். இவ்வாண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அது சனி, ஞாயிறு என்று மாறியது. நாளிதழ்கள் மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருந்தன. ஆனால் எவ்லின் பத்து வயதிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் தூங்கியே பழகியவள்.

"பேப்பர் படிக்காத டீச்சர். அந்தப் பிள்ளைங்க கதி என்னடா ஆகும்?" என்றான் ஹேமநாதன்.

"நீ பேசாத. உன் லோரியில இன்னும் போன வருஷக் காலண்டர் தொங்குது."

"கோழிக்கு எந்தக் காலண்டரா இருந்தா என்ன?"

எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவள் லோஷினிதான். எவ்லினின் முகத்தைப் படம் பிடித்து, 'வெள்ளிக்கிழமை டீச்சர்' என்று எழுதி, பழைய வகுப்புத் தோழர்கள் குழுவில் போட்டாள். மாலைக்குள் நாற்பத்தொரு பேர் சிரித்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அவளுடைய ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரவில்லை. எங்களுக்கும் வரவில்லை. ராஜசேகரனுக்கு ஞாயிறு மட்டுமே விடுமுறை என்பதால், அடையாள அட்டையோ சாலை வரியோ எதுவானாலும் அக்குடும்பம் ஞாயிறு காலையில் போய் முடித்துவிட்டு, அப்படியே ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும். அவர்களுக்கு ஞாயிறு என்றாலே அலுவலகம்தான்.

சனிக்கிழமை நால்வரும் ரெங்கத்தில் ஹேமநாதன் வீட்டில் இருந்தார்கள். அவன் தாயார் வெள்ளையம்மா காட்டுப்பன்றி வறுவலும் ரசமும் செய்து மேசையில் மூடி வைத்துவிட்டு, பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போய்விட்டார். அன்று அங்கே கோத்தோங் ரோயோங். பெற்றோர்கள் கூடிப் பள்ளிக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்த எவ்லின் தரையில் காலை நீட்டிப் படுத்தாள். "அப்பாடா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஸ்கூல் இல்ல, ஆபீஸ் இல்ல. ஜொகூரே தூங்கும், நானும் தூங்குவேன். எவனாச்சும் எழுப்புனீங்க, கொன்னுருவேன்."

இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டிருந்த லோஷினியின் கை நின்றது. "ஆபீஸ் இல்லையா?"

"இல்லதானே. இனிமே ஞாயித்துக்கிழமை..." எவ்லின் எழுந்து உட்கார்ந்தாள். கைப்பேசியை எடுத்து லோஷினியின் முகத்தைப் படம் பிடித்தாள். "வாங்க, ஞாயித்துக்கிழமை மேடம்!"

லோஷினி சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, "எவ், நாளைக்கு சைன் போடலன்னா எனக்கு நாலாவது வருஷம் கிடையாது" என்றாள்.

எவ்லின் படத்தை அழித்துவிட்டாள்.

முதலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விமானத்தைத் தள்ளிப் போடலாம் என்றான் ஹேமநாதன். வியாழக்கிழமை அவளுக்குத் தேர்வு. புதுச் சீட்டுக்குக் காசும் இல்லை. எவ்லின்தான் வழி சொன்னாள்.

"ஆபீசர்தான் வேணும், ஆபீஸ் வேணாம். தலைமையாசிரியரும் அந்தத் தகுதிதான். எங்க ஸ்கூல்லயே அப்பா அம்மாங்க ஃபாரம் தூக்கிட்டு வந்து வரிசையில நிப்பாங்க."

"அப்போ உங்க தலைமையாசிரியருக்குப் போன் போடு" என்றான் ரூபேந்திரன்.

"நேத்துதான் கிழி கிழின்னு கிழிச்சாங்க. இன்னிக்கு 'டீச்சர், ஒரு உதவி'ன்னு கேக்கவா? நீ போடு."

"எதுக்கு அவ்ளோ தூரம்?" என்று எழுந்தான் ஹேமநாதன். "எங்கம்மா கூட இப்ப பெயிண்ட் அடிச்சிட்டு இருக்காங்களே டோரிஸ் டீச்சர், அவங்க யாரு? அந்த ஸ்கூலுக்குத் தலைமையாசிரியர்தானே?"

அரை மணி நேரத்தில் லோஷினியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "அங்கிள், நாளைக்கு ஆபீஸ் மூடிருப்பாங்க! ரூபேன் கார்ல வர்றான். அம்மாகிட்ட ஃபாரம் இருக்கு. ஐசி கார்டு எடுத்துக்குங்க. கறுப்பு மை பேனாவும்." கணக்கராக இருந்த என்னிடம் பேனாவைப் பற்றிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

ரூபேந்திரன் என்னையும் ஒப்பந்தப் படிவத்தையும் ஏற்றிக்கொண்டு செனாய்க்குப் போனான். ராஜசேகரன் ஓவர்டைமில் இருந்தார். மேற்பார்வையாளரிடம் பேசி மூன்று மணிக்கு வெளியே வந்தவர் பாதுகாப்புக் காலணியுடனேயே காரில் ஏறினார். விவரம் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அலமாக்! நேத்து காலையில நான் நைட் ஷிப்ட் முடிஞ்சி வீட்டுலதான் இருந்தேன். மூணு பேரும் நடந்தே ஆபீசுக்குப் போயிருக்கலாம்."

"நேத்து நாங்க எவ்லினப் பாத்து சிரிச்சிட்டு இருந்தோம் அங்கிள்" என்றான் ரூபேந்திரன்.

லாயாங்-லாயாங் ஊர் வழியாக ரெங்கத்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டடம் பாதி வெளிர்நீலம், பாதி பழைய மஞ்சள். அலுவலகத்தின் மேசை, அலமாரி, கோப்புகள் எல்லாம் திடலில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தன. டோரிஸ் டீச்சர் ஏணியிலிருந்து இறங்கினார். தலையில் செய்தித்தாள் தொப்பி. முழங்கை வரை நீலம். ஐந்து மணிக்குக் கணவர் மைக்கல் வந்து தேவாலயத்து மாலைப் பூசைக்கு அழைத்துப் போவார், அதுவரைதான் இருப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

லோஷினியும் எவ்லினும் ஜன்னல் சட்டங்களுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வரும்வரை சும்மா நிற்க டீச்சர் விடவில்லையாம்.

"மூணு பேரும் என் கண்ணு முன்னால போடணும். அடையாள அட்டையைக் காட்டுங்க" என்றார் டீச்சர். ஒவ்வொருவர் முகத்தையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ராஜசேகரனிடம் மட்டும், "படத்துல முடி இருக்கே" என்றார்.

"பொண்ணு வெளிநாட்டுல படிக்கிறா டீச்சர். அதுல போயிருச்சி."

ஆறாம் பக்கத்தில் மூவரும் கையெழுத்திட்டோம். டீச்சரும் இட்டார். பிறகு திடலைப் பார்த்தார். "சாப் எங்க?"

சாப் என்பது பள்ளியின் பெயரும் அவர் பதவியும் உள்ள ரப்பர் முத்திரை. அது இல்லாமல் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. சாப் இருந்த மேசை தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. இழுப்பறை காலியாக இருந்தது. பெற்றோர்கள் சாயத் தூரிகைகளைக் கீழே வைத்துவிட்டுத் தேட வந்தார்கள். ரூபேந்திரன் கோப்பைகள் வைத்த பெட்டியைக் கவிழ்த்தான். ராஜசேகரன் விளையாட்டுச் சாமான் மூட்டையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார், பூப்பந்துகள்தான் விழுந்தன. லோஷினி புல்லில் மண்டியிட்டு ஒவ்வொரு கோப்பாகப் பிரித்தாள். மைக்கலின் கார் வாசலில் வந்து நின்று ஒருமுறை ஒலி எழுப்பியது.

அப்போது கழிப்பறைப் பக்கச் சுவரை முடித்துவிட்டு வெள்ளையம்மா வந்தார். "என்ன தேடுறீங்க எல்லாரும்?"

"ஸ்கூல் சாப்பும்மா!" என்றான் ஹேமநாதன்.

"அதுவா? காலையில சாமானை வெளிய தூக்குறப்ப மழ வந்தா நனைஞ்சிரும்னு நான்தான் பத்திரமா எடுத்து வெச்சேன்."

"எங்க வெச்சீங்க?"

"வீட்டுல. சாப்பாட்டு மேசையில, ஊறுகாய் போத்தலுக்குப் பக்கத்துல நீலப் பெட்டி. நீங்க பாக்கலயா?"

"நாலு பேரு அது முன்னாலதான் ஒக்காந்து பன்னி தின்னோம்" என்றான் ரூபேந்திரன். ஹேமநாதன் யாருடையது என்று கேட்காமலே ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். இரண்டாவது முறை ஒலி எழுப்பிய மைக்கலிடம் எவ்லின் ஓடினாள். அவளும் கத்தோலிக்கப் பெண். என்ன சொன்னாளோ, அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து தானும் ஒரு தூரிகையை எடுத்தார்.

ஐந்து பத்துக்கு முத்திரை பதிந்தது. படிவத்தைத் திருப்பிக் கொடுக்கையில் டீச்சரின் கட்டைவிரல் முத்திரைக்கு ஓரமாக ஒரு நீல அடையாளத்தை விட்டுச் சென்றது. 'அடித்தல், திருத்தல், கறை கூடாது' என்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. வேறு படிவம் இல்லை. நான் அதைச் சொன்னேன். எல்லாரும் லோஷினியைப் பார்த்தார்கள்.

"அப்படியே அனுப்புங்க அங்கிள். கேட்டா உண்மையைச் சொல்லலாம். பெயிண்ட் அடிச்ச நாளுதானே."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் இல்லாமல் அவர்களுக்கு மிச்சமாயிற்று. திட்டத்தில் இல்லாத நாள் என்பதால் அதில் எல்லாவற்றையும் அடைத்தார்கள். எவ்லினைத் தூங்க விடவில்லை. காலையில் மணியம் வீட்டில் லோஷினி அவருடைய காலைக் கழற்றி, மூட்டுத் திருகை இறுக்கி மாட்டினாள். எண்ணெய்ப் பக்கமே போகவில்லை. நான்கு பேரும் ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். பெர்மாஸ் ஜெயாவில் ரூபேந்திரன் வீட்டு மாடியில் மதியம் வரை சீட்டாடி, ஹேமநாதன் கள்ள ஆட்டம் ஆடுகிறான் என்று மூவரும் தீர்ப்புச் சொன்னார்கள். நான்கு மணிக்குச் சிங்கப்பூர்ப் பாலம் கடந்தார்கள். ஜன்னல் சட்டத்தின் நீலம் லோஷினியின் நகத்தில் அப்படியே இருந்தது என்று ராஜசேகரன் பிறகு சொன்னார்.

படிவத்தை நான் திங்கட்கிழமை காலை விரைவு அஞ்சலில் சேர்த்தேன். அறவாரியத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. ஜனவரி 13-இல் வந்தது, ஒப்பந்தம் கிடைத்தது என்றது. ஜனவரி 22-இல் வந்தது, ஆறாம் பக்கத்திலுள்ள நீலக் கறைக்கு விளக்கம் கேட்டது. அன்றிலிருந்து ராஜசேகரன் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கெல்லாம் வாசலுக்கு வந்தார். டோரிஸ் டீச்சர் மலாய் மொழியில் ஒரு பக்க விளக்கம் எழுதி, சாயம் அடித்த பள்ளியின் படங்கள் இரண்டை இணைத்து, கறை தம்முடையதே என்று கையெழுத்திட்டு, அதன் கீழும் சாப் குத்திக் கொடுத்தார். அதை அனுப்பினேன். விளக்கம் ஏற்கப்பட்டது, ஒப்பந்தம் செல்லும், நான்காம் தவணை செப்டம்பரில் வழங்கப்படும் என்று சொன்ன கடைசிக் கடிதம் 2025 பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.