கவுன்டர் கண்ணாடிக்கு வெளியே அப்பா

மருத்துவமனையில் சீட்டுப் போடும் கவுன்டரில் எனக்கு வேலை. சண்டைக்கு வருபவர்கள் கைநீட்டுகிறார்கள் என்று கறுப்புக் கண்ணாடி மாட்டி, மைக் வைத்தார்கள். வெளியில் நிற்பவருக்கு எங்கள் முகம் தெரியாது. எனக்கும் நிம்மதிதான்.

ஒருநாள் எங்கள் ஊர் குண்டடத்திலிருந்து அப்பா வந்து நின்றார். என் காதல் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதே இல்லை. நான் அங்கே இருப்பதும் அவருக்குத் தெரியாது.

"என்ன பண்ணுதுங்க?" என்றேன். மைக்கில் என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை.

"நெஞ்ச அடைக்குது கண்ணு, சுருக்கா சீட்டுப் போட்டுக் குடு."

கண்ணு என்றாரே! நான்தான் என்று தெரிந்தால் வைத்தியம் பார்க்காமலே திரும்பிவிடுவாரோ என்று பயந்து, மேற்கொண்டு பேச்சுக் கொடுக்காமல், பெயர்கூடக் கேட்காமல் நானே அவர் பெயரை எழுதி நீட்டினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் வார்டுக்கு ஓடினேன். அதற்குள் அப்பாவின் உயிர் போய்விட்டது.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், மைக்கில் என் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் பெயரைக் கேட்கிறேன்.