வலக்கண் ஒதுக்கிய ஆறு ரோல்கள்

இராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டும் கட்டுத்துணிக் கம்பெனியில் சுந்தரம்மாள் இருபத்தாறு வருஷமாகச் செக்கிங். நூல் எண்ணும் லென்ஸை வலக்கண்ணில் வைத்துத் துணிமேல் குனிந்தாளென்றால் நெய்தவன் தறியை விட்டு எட்டிப் பார்ப்பான்.

பங்குனியில் வேல்பாண்டி நெய்த ஆறு ரோல்களை ஒதுக்கினாள். ஆறிலும் குறுக்கே ஓடும் ஊடை நூல் நடுவில் வளைந்திருந்தது. மற்றவர்கள் துணியிலும் அந்த வளைவு தெரிந்ததுதான். அப்போதெல்லாம் லென்ஸைத் துடைத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் மறுபடி பார்த்து, நேராகத் தெரிந்ததும் விட்டுவிட்டாள். வேல்பாண்டிக்கு அந்தத் தயவு இல்லை. "வயசான காலத்துல வீட்டுல கிடக்க வேண்டியதுதானே" என்று நாலு பேர் நடுவில் சொன்னவன் அவன்.

"ஒங்க கண்ணு அவிஞ்சிருச்சு. தறி நேராத்தான் ஓடுது."

"ஏலே, ஒன் வாயி அளவுக்கு ஊடை கோணலில்ல. சந்தோசப்பட்டுக்கோ."

மேனேஜர் அவனைத் தறியிலிருந்து இறக்கி வெளுப்புத் தொட்டிக்கு அனுப்பினார். இரண்டே வாரத்தில் வெளுப்பு மருந்தில் அவன் விரல்கள் வெடித்தன.

சித்திரையில், சுந்தரம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போது, பஸ் ஜன்னலில் லைட் கம்பங்கள் நெளிந்தன. இடக்கண்ணைப் பொத்தினாள், நெளிந்தன. வலக்கண்ணைப் பொத்தினாள், நிமிர்ந்தன.

கண்ணாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த சிவரஞ்சனி திரையைக் காட்டினாள். இடக்கண்ணில் வரிவரியாக அடுக்குகள், நடுவே சின்னப் பள்ளம். வலக்கண்ணில் அந்தப் பள்ளமே இல்லை. அடுக்குகள் கூடாரம்போல் தூக்கி நின்றன, அடியில் கறுப்பு.

"கறுப்பா இருக்கது தண்ணிம்மா. விழித்திரைக்கு அடியில புதுசா ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது. அதான் நேர்கோடு வளையுது. ஊசி போடாம விட்டா நடுப்பார்வை போயிரும்."

"எப்பருந்து?"

"வளைவு எப்பத் தெரிஞ்சுதோ, அப்பவே இருந்திருக்கும்."

பங்குனி. சுந்தரம்மாளுக்கு வேறு கணக்கு வேண்டியிருக்கவில்லை.

முதல் ஊசி போட்ட மறுவாரம் ஆறு ரோலையும் மேசைக்கு வரவழைத்தாள். வேல்பாண்டியையும் கூப்பிட்டாள். லென்ஸ் இடக்கண்ணுக்குப் பழகவில்லை. காலையிலிருந்து மத்தியானம்வரை பிடித்தது. பிறகு மேனேஜரிடம் சொன்னாள்: "ஆறுல அஞ்சு நல்ல துணி. கோணல் என் கண்ணுல. இவனுக்குத் தறியக் குடுங்க."

"சொன்னேம்லா? பொறவு இந்த மேசை எதுக்கு ஒங்களுக்கு?" என்றான் வேல்பாண்டி. "ஆறாவதையும் நல்லதுன்னு சொல்லுங்க."

"நல்ல கண்ணால மூணு தடவை பாத்துட்டேன். அது கோணல்தான்."

அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் லென்ஸை வாங்கி ஆறாவது ரோல்மேல் குனிந்தார். நிமிர்ந்து, ஐந்தைப் பேக்கிங்குக்கும் ஆறாவதைக் கழிவுக்கும் தள்ளச் சொல்லி, வேல்பாண்டியைத் தறிக்குத் திரும்பச் சொன்னார்.

"நாளைக்கு மொத ரோலை நானே கொண்டாரேன்" என்றான் வேல்பாண்டி. "எந்தக் கண்ணால பாக்கீகன்னு பக்கத்துல நின்னு பாக்கணும்."

"நில்லு" என்றாள் சுந்தரம்மாள். "வெளிச்சத்தை மறைக்காம நில்லு."