தங்கமுத்துவின் உள்ளங்கை

பூண்டி அணி கயிறு இழுக்கும்போது கடைசி ஆள் தங்கமுத்துதான். குதிகாலை மண்ணில் ஊன்றிவிட்டால் ஜேசிபி வந்தால்தான் நகருவான். வருஷக்கணக்காக இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் அடுப்பிலிருந்து இறக்குவான். முதுகில் தட்டிக்கொடுத்தால் நம் சட்டையில் நூல் பிரியும். அந்தக் கையை நம்பித்தான் நாங்கள் ஏழு பேரும் முன்னால் நின்று படம் காட்டிக்கொண்டிருந்தோம்.

கவுஞ்சியில் லீலாவைப் பெண் பார்க்க நாள் குறித்ததும் அவனுக்குக் கிறுக்குப் பிடித்தது. சந்தையில் அவள் கேரட் மூட்டை ஏற்றுவதைப் பார்த்ததிலிருந்து அவள் நினைப்பாகவே இருந்தவன். "இந்தக் கையோட போனா அந்தப் புள்ள பயந்துரும்லே" என்றான். கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருக்கும் சஜ்ஜாத், விற்காமல் கிடந்த க்ரீம் டப்பா ஒன்றை அவன் தலையில் கட்டினான். வெந்நீரில் ஊறவைத்து, கால் தேய்க்கிற கல்லால் காய்ப்பையெல்லாம் உரசித் தள்ளி, க்ரீமை அப்பினான். கை பூரி மாவாகிவிட்டது. பொங்கல் போட்டி வருகிறதே என்று படித்துப் படித்துச் சொன்னோம். கேட்டால்தானே?

பெண் வீட்டில் லீலா காபி கொண்டுவந்தாள். பழக்கதோஷத்தில் கொதிக்கும் டம்ளரை முழுக் கையால் பிடித்தான். அடுத்த நொடி காபி அத்தனையும் அவள் அப்பாவின் வேட்டியில்.

"கையக் காட்டுங்க" என்றாள் லீலா. தொட்டுப் பார்த்தாள். "இம்புட்டு மெத்துமெத்துன்னு இருக்கு. இவரு ஒரு சோலியும் பாக்குறதில்லப்பா. எனக்கு வேணாம்."

அவர் கயிறு இழுக்கிறவர் என்று, கூடப் போயிருந்த நான் சொன்னதற்குச் சிரித்தாள். "பொங்கலுக்குப் பாக்கத்தான போறோம்" என்றாள்.

பொங்கலன்று எதிரணி கவுஞ்சி. முதல் இழுப்பிலேயே அவன் கையெல்லாம் கொப்புளம். இரண்டாவதில் அவை உடைந்தன. அந்த நேரம் பார்த்து எங்கள் ஏழு பேருக்கும் கயிறு வழுக்கிவிட்டது. பனி ஈரம், வேறொன்றுமில்லை. அவன் மட்டும் விடவில்லை. கவுஞ்சிக்காரர்கள் அவனைக் குப்புற இழுத்துக்கொண்டு போய் லீலாவின் காலடியில் சேர்த்தார்கள்.

அவள் குனிந்து அவன் விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தோல் உரிந்து மண் அப்பியிருந்தது.

"விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

லீலா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பத்தான்ப்பா கை மாதிரி இருக்கு."

எங்களுக்குக் கோப்பை போன வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கல்யாணத்துக்கு சஜ்ஜாத் அதே க்ரீமில் ஒரு பெட்டியே பரிசாகக் கொடுத்தான். லீலா அதை மாட்டு மடிக்குத் தடவுகிறாள். புருஷன் பக்கம் வந்தால் டப்பாவை மூடி ஒளித்துவைக்கிறாள்.