கஜானாவில் வெள்ளி இல்லை

முதல் காகித ரூபாயை என் வீட்டுக்காரர் கொண்டுவந்து நீட்டியபோது, ஷாப்பில் கொடுத்த ஏதோ சீட்டு என்று நினைத்து அடுப்பு மேட்டில் செருகி வைத்துவிட்டு, கூலி எங்கே என்று கேட்டேன். அதுதான் கூலி என்றார். நான் நம்பவில்லை. எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். ஒரு ரூபாய் என்று தமிழிலும் அச்சடித்திருந்தது. ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயின் படமும் இருந்தது. படம் இருந்தது, வெள்ளி இல்லை. பசித்தவனுக்கு முன்னால் சோற்றின் படத்தை வைத்ததுபோல் இருந்தது.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கி நாலாவது வருஷம் அது. முதல் வருஷம் கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும் என்றார்கள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் ராஜாவின் ஜெயத்துக்காக முழங்காலில் நின்றோம். ஜெயமும் வரவில்லை, முடிவும் வரவில்லை. ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப்பு என்போம். பட்டாளத்துக்காரனின் பூட்ஸுக்காக அத்தனை ஷாப்புகளும் ஓய்வில்லாமல் ஓடின. மாட்டுத்தோல் முழுவதையும் சர்க்கார் தான் வைத்த விலைக்குத் தானே எடுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று முழங்காலுக்குக் கீழே தோலுரிந்து போனார். வேலைக்குப் பஞ்சமில்லை, சோற்றுக்குத்தான் பஞ்சம். அரிசி விலை ஏறியது, மண்ணெண்ணெய் ஏறியது, புடவை விலையைக் கேட்டால் பழைய புடவையையே தைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அந்த லட்சணத்தில் தாசில்தார் ஒருநாள் வந்து மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்து, சண்டைச் செலவுக்குச் சர்க்காருக்குக் கடன் கொடுங்கள் என்று பேசினார். எங்களிடம் சர்க்கார் கடன் கேட்கிறது! கூட்டத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஷாப்பு மேஸ்திரி என்னை முறைத்தார்.

நாங்கள் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தோம் என்பது உண்மை. ஆனால் அது சர்க்காருக்கு இல்லை. கிணற்றுக்கு.

எங்கள் சேரிக்குக் கிணறு கிடையாது. மாசி மாதம் வரைக்கும் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்போம். பங்குனி பிறந்தால் ஊற்று வற்றிவிடும். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குப் போய், எட்டத்தில் நிற்க வேண்டும். கிட்டே போகக் கூடாது. இரக்கப்பட்ட எவளாவது ஒருத்தி வந்து, மேலேயிருந்து குடத்தில் ஊற்றுவாள். சிந்தியது பாதி, சேர்ந்தது பாதி. காடு கழனியில் வேலை செய்யும்போது தாகம் எடுத்தால் இரண்டு கையையும் குவித்து ஏந்த வேண்டும், அதிலும் உயரத்திலிருந்துதான் ஊற்றுவார்கள். வாய்க்குப் போவதைவிட முழங்கை வழியாக வழிவது அதிகம். பத்து வயதிலிருந்து அப்படிக் குடித்துக் குடித்து எனக்கு வெறுத்துப்போயிற்று. ஒருநாளாவது என் கையால் கயிற்றை இழுத்து, என் இஷ்டத்துக்குக் குடித்து, மிச்சத்தைக் காலில் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. இதெல்லாம் ஒரு ஆசையா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான சாயபுவுக்கு அரை ஏக்கர் நிலம் இருந்தது. அதில் கல் கட்டிய சிறு கிணறு. தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மகன் மெட்ராஸில் இருந்தான், அவனோடு போய்விடப் போகிறேன் என்று நிலத்தை விற்க நினைத்தார். யாருக்கு விற்பது என்பதில் ஊர்க்காரர்களின் சாதிக் கணக்கு அவருக்குக் கிடையாது. நாங்கள் போய்க் கேட்டோம். நூறு ரூபாய் சொன்னார். கிணற்றைக் காட்டி, நல்ல தண்ணீர், குடித்துப் பாரம்மா என்றார். எழுதிக் கொடுத்த பிறகு குடிக்கிறேன் சாயபு என்றேன். அன்றைக்கும் இன்னொருத்தர் அனுமதியில் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் சிரித்தார். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார்.

"நோட்டு வேணாம்மா. நாளைக்கு ஜெர்மன்காரன் வந்துட்டா இந்தக் காயிதத்த யாரு வாங்குவான்? பேஜாரு. வெள்ளியா கொண்டா. தை மாசம் வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

எங்களிடம் அறுபது வெள்ளி ரூபாய் இருந்தது. பல வருஷங்களாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. மீதி நாற்பது, காகித ரூபாய் வந்த பிறகு சேர்த்தது. இரண்டு ஆடு விற்றதும் அதில் அடக்கம். ஆக நூறு இருந்தது, ஆனால் நூறு இல்லை. பஜாரில் நோட்டை மாற்றி வெள்ளி கொடுக்கும் கடைக்காரன் ரூபாய்க்கு இரண்டணா வட்டம் பிடித்துக்கொள்வான். அதாவது பதினாறணா நோட்டைக் கொடுத்தால் பதினாலணாதான் கைக்கு வரும். நாற்பது ரூபாய்க்கு ஐந்து ரூபாய் போய்விடும்.

"அஞ்சு ரூபா போனா போவுதுமே. எங்கனா பொரட்டிக்கலாம். கெணறு வந்துடும் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அவர் அரை மாதம் சுண்ணாம்பில் நிற்கிற கூலி அது. அதைப் பஜார்க்காரன் உட்கார்ந்த இடத்தில் உருவிக்கொள்வதா? நோட்டைக் கொண்டுவந்தால் சர்க்கார் ரூபாய் கொடுக்கும் என்று நோட்டிலேயே இங்கிலீஷில் எழுதியிருக்கிறது என்று எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொல்லியிருந்தார். எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான், அப்புறம் என்ன? வேலூர் கஜானாவுக்குப் போவோம், முழு ரூபாயாக வாங்குவோம் என்றேன். என் வாழ்க்கையில் சர்க்காரை முழுசாக நம்பியது அந்த ஒரே தடவைதான். அதற்கு நான் பட்டது போதும்.

ஆவணியில் போனோம். ரயிலில் காட்பாடி வரைக்கும், அங்கிருந்து பாலாற்றைத் தாண்டி நடை. கஜானா வாசலில் எங்களைப் போலவே நோட்டோடு ஒரு கூட்டம். உச்சிவேளை வரை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, வெள்ளி இல்லை, அடுத்த மாதம் வா என்று சேவகன் சொன்னான். புரட்டாசியில் போனோம். வெள்ளி வந்ததாம், வந்த அன்றைக்கே தீர்ந்ததாம். யாருக்குத் தீர்ந்தது என்று கேட்டேன். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோட்டுக்கு வெள்ளி கொடுத்தே ஆக வேண்டியது மெட்ராஸ் ஆபீஸில்தான், இங்கே இருந்தால் கொடுப்போம், இல்லாவிட்டால் இல்லை என்று காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார். அந்த விஷயத்தை நோட்டில் தமிழில் போட்டிருந்தால் நான் ஏன் இத்தனை தூரம் நடக்கிறேன்? ஐப்பசியில் போனபோது விஷக்காய்ச்சல் ஊரைச் சுருட்டிக்கொண்டிருந்தது. கஜானா ஆபீஸில் பாதி நாற்காலி காலி. கேட்பாரில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கும் ஒருநாள் கூலி போயிற்று, ரயில் டிக்கெட் காசும் போயிற்று. மிச்சம் பிடிக்க நினைத்த ஐந்து ரூபாயில் பெரும்பகுதி இப்படியே கரைந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வீம்புதான் வந்தது.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் குடிசைச் சுவரில் கரையான் ஏறியது. வெள்ளியை மண்ணில் புதைத்து வைத்தால் கரையான் என்ன செய்யும்? காகிதத்தை ஒரே நாளில் மண்ணாக்கிவிடும். என் வீட்டுக்காரர் யோசித்தார். அவருக்குத் தெரிந்தது தோல். ஆவாரம்பட்டையில் ஊறிய தோலைக் கரையான் தொடாது என்று ஷாப்பில் எல்லோரும் சொல்வார்கள். ஓரத்தில் கழித்துப் போட்ட துண்டு ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்து, நாற்பது நோட்டையும் அதில் இறுக்கிச் சுருட்டி, கயிறு கட்டி, கூரைக்கழியில் தொங்கவிட்டார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று நானும் மெச்சிக்கொண்டேன். அந்தத் துண்டு உள்ளே சரியாகக் காயவில்லை. கூரையும் ஒழுகியது.

கார்த்திகையில் சண்டை முடிந்ததென்று மணியடித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கஜானாவுக்கு வெள்ளி வந்திருக்கிறது என்று வாத்தியார் சொன்னார். அவிழ்த்துக்கூடப் பார்க்காமல் சுருளை மடியில் கட்டிக்கொண்டு ஓடினோம். குமாஸ்தாவின் முன்னால்தான் பிரித்தோம். கரையான் தொடவில்லை, நிஜம்தான். ஆனால் பட்டைச் சாறு இறங்கி நோட்டெல்லாம் பழுப்பேறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் ராஜா தலை ஒரு நோட்டிலும் நம்பர் இன்னொரு நோட்டிலும் வந்தது.

"இன்னா இது? நோட்டா, தோலா?" என்றார் குமாஸ்தா. மூக்கைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குப் பக்கத்தில், நான் கைநீட்டினால் எட்டும் தூரத்தில், வெள்ளி ரூபாய் அடுக்கு அடுக்காக இருந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஐயா, இது எங்கள் கூலி, உங்கள் சர்க்காருக்குப் பூட்ஸ் செய்த கூலி என்றேன். அவர் ஒரு மனு எழுதச் சொன்னார். நோட்டை உறையில் போட்டு மெட்ராஸுக்கு அனுப்புவார்களாம், அங்கே பார்த்து முடிவு சொல்வார்களாம். எத்தனை நாளாகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். மனுவைக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரரோடு ரயில் ஏறினேன். ஆம்பூர் வந்ததும், உன்னை யார் தோலில் சுற்றச் சொன்னது என்று தெருவில் நின்று கத்தினேன். ஆவணியிலேயே பஜாரில் மாற்றியிருக்கலாம் என்று அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுடுகிறது.

மார்கழி வந்துவிட்டது, தைக்கு ஒரு மாதம்கூட இல்லை. நாற்பது ரூபாயை வெள்ளியாக முன்பணம் கேட்டு அவர் மேஸ்திரியிடம் போனார். எதற்கு என்று மேஸ்திரி கேட்டார். இவர் ஒளிக்கத் தெரியாத மனுஷர், நிலத்தையும் கிணற்றையும் சொல்லிவிட்டார். மேஸ்திரி முதலாளியிடம் சொன்னார். முன்பணம் இல்லை என்று பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: கோடையில் அந்தக் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்? தோல் ஷாப்புக்குத் தண்ணீர்தானே உயிர்.

சாயபு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தை மாதக் கடைசி நாள் வரைக்கும் காத்திருந்தார். அப்புறம் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தார். நூற்றைம்பது ரூபாய்க்கு, அத்தனையும் வெள்ளி. வாரா வாரம் எங்களுக்குக் காகிதத்தை நீட்டிய அதே கைதான் அந்த வெள்ளியையும் எண்ணிக் கொடுத்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்க நாங்கள் யார்? ஊரை விட்டுப் போகும்போது சாயபு எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தார். உங்கள்மேல் தப்பில்லை என்றேன். நிஜமாகவே அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஆடி மாதம் மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. மனு ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். வேலூருக்கு மறுபடி ஒரு ரயில், மறுபடி ஒரு நடை. குமாஸ்தா நாற்பது ரூபாயையும் முழுசாகக் கொடுத்தார். காகிதமாக, புத்தம் புது நோட்டாக. சர்க்கார் எங்களை ஏமாற்றிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது, பாருங்கள். ஒரு காசு குறைக்கவில்லை. அதற்குள் பஜாரிலும் நோட்டுக்கு வட்டம் பிடிப்பது நின்றுபோயிருந்தது. நிலத்தின் விலை மட்டும் எங்களுக்காக நிற்கவில்லை.

முதலாளி அந்த நிலத்தில் தோல் ஊறவைக்கும் குழிகள் வெட்டினார். தண்ணீர் இறைக்கப் பெண்டுகள் வேண்டும் என்று மேஸ்திரி கூப்பிட்டார். நானும் போனேன். போகாமல் என்ன செய்வது? கயிற்றைப் பிடிக்கும்போது பழக்கத்தில் சுற்றிப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. முதல் வாளியை இழுத்து விளிம்பில் வைத்து, குனிந்து வயிறு முட்டக் குடித்தேன். அப்படியொரு தண்ணீரை நான் அதுவரை குடித்ததில்லை. இரண்டாவது வாளியைக் குழியில் கிடந்த தோலின்மேல் ஊற்றினேன்.

சாயங்காலம் வீட்டில் சோறு போடும்போது அவரிடம் சொன்னேன். "அந்தக் கெணத்துத் தண்ணி சுத்த உப்பு. வாயில வெக்க முடியல. வாங்காததே நல்லதாப் போச்சு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஆமாமே" என்றார். "தூர் வார்றப்ப நானும் குடிச்சுப் பாத்தேன். உப்புதான்."

நான் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். மூன்று வருஷத்தில் குழிகளின் உப்பும் சுண்ணாம்பும் இறங்கி, அந்தக் கிணறு நாங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது.