நாலுக்கு நாலு வாங்குனவன் பேசறேன்

இன்னிக்கு கம்பெனி நோட்டீஸ் போர்டுல என் பேரு மொதல்ல இருந்துச்சுங்க!

(ரெண்டு தடவ படிச்சேன். இனிஷியலும் என்னுதுதான்.)

புதுசா வர்றவங்களுக்கு: நான் வேலம்பாளையத்துல ஒரு பனியன் கம்பெனில துணி செக்கிங். ரோல் துணி லைட் டேபிள் மேல ஓடும். ஓட்டை, ஆயில் கறை, ஊசிக்கோடு எங்க இருக்குதோ அங்க ஸ்டிக்கர் ஒட்டணும். அவ்வளவுதான் வேலை. அதை நான் பண்ற லட்சணம் கீழ வரும்.

போன மாசம் எங்க கம்பெனிக்கு அப்ரைசல் வந்துச்சு.

ஃபாரின் பையர் கேட்டாராம், "உங்க ஆளுங்களை எப்படி மதிப்பிடறீங்க?"ன்னு. ஓனர் "திட்டித்தானுங்க"ன்னு சொல்லியிருக்காரு. நல்லவேளை, மெர்ச்சண்டைசர் அதை இங்கிலீஷ்ல வேற மாதிரி சொல்லிட்டாரு.

உடனே சென்னைல இருந்து ஒரு ஹெச்.ஆர் சாரை எடுத்தாங்க. அவரு ஒரு ஃபார்ம் அடிச்சாரு. அட்டெண்டன்ஸ், குவாலிட்டி, ஆட்டிட்யூட், டீம் ஒர்க். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கட்டம். மேல 'பாயிண்ட்ஸ்'னு ஹெட்டிங்.

எங்க செக்‌ஷனுக்கு பாயிண்ட் போட்டது இன்சார்ஜ் மணியண்ணன். ஏசி ரூம்ல ஹெச்.ஆர் சார் அரை மணி நேரம் இங்கிலீஷ்ல விளக்குனதைக் கேட்டாரு. "சரிங்க சார்"னு சொல்லிட்டு வந்தாரு. என்ன சொன்னாங்கன்னு கேட்டோம்.

"ஏசி நல்லா இருந்துச்சு"ன்னாரு.

இன்னிக்கு ரிசல்ட்.

எல்லாத்துலயும் நாலுக்கு நாலு நான் ஒருத்தன்தான். பல்லடம் ரோட்டுல தொறக்கற புது யூனிட்டுக்கு நான் குவாலிட்டி இன்சார்ஜ்!!

ஊட்டுக்கு போன் போட்டேன். அம்மா, "யாரு, நீயா?"ன்னாங்க.

"ஆமாம்மா."

"நல்லாப் பாத்தியா கண்ணு? வேற யாரு பேராச்சும் இருக்கப்போவுது."

(பெத்தவங்க நம்பிக்கைதானுங்க நமக்கு பலம்.)

செக்‌ஷன் மொத்தத்துக்கும் டீயும் தேங்கா பன்னும் சொன்னேன். அப்பத்தான் போர்டுல ரெண்டாவது பேப்பரைப் பாத்தேன். எல்லாத்துலயும் ஒண்ணு வாங்குனவங்களுக்கு வர்ற திங்கக்கிழமைல இருந்து வேலை இல்லை.

அதுலயும் ஒரே பேருதான். சரசக்கா.

என் பக்கத்து டேபிள். பதினோரு வருச சர்வீஸ். லைட் போட்டும் எனக்குத் தெரியாத ஊசிக்கோடு, ரோல் வண்டில வரும்போதே அக்காவுக்குத் தெரியும்.

அக்கா அழுவல. டேபிள் கண்ணாடியைத் தொடைச்சுட்டு இருந்தாங்க.

"நான் என்ன தப்பு பண்ணுனேன் கண்ணு? நீ படிச்ச பையன், சொல்லு."

"தெரியலீங்க்கா."

"சரி உடு. உனக்காச்சும் நல்லது நடந்துச்சே. நல்லா இரு சாமி."

சொல்லிட்டு, பன்னை மட்டும் பேப்பர்ல சுத்தி பைல வெச்சாங்க. புள்ளைக்காம்.

மத்தியானம் மணியண்ணன் சாயப்பட்டறைல இருந்து வந்தாரு. காலைல இருந்து அங்கயே இருந்ததால போர்டைப் பாக்கல.

"ஏனுங்ணா, சரசக்காவுக்கு ஏன் ஒண்ணு போட்டீங்க?"

"என்ன பண்றது தம்பி, ஜீரோவுக்குக் கட்டமே இல்லையே! அந்தம்மாகிட்ட ஒரு தப்பு கெடையாது. மனசே இல்லாமத்தான் ஒண்ணு போட்டேன்."

நான் மெதுவாக் கேட்டேன்.

"அப்ப எனக்குங்ணா?"

"கோவிச்சுக்காத தம்பி. போன மாசம் மூணு ரோலு ஆயில் கறையோட கட்டிங்குக்குப் போச்சு. நீ டேபிளுக்கு அடில செல்லுல பாம்பு வெளையாடிட்டு இருந்த. அஞ்சாவது கட்டம் இருந்திருந்தா அதைப் போட்டிருப்பேன்."

வெளங்குச்சுங்களா?

துணி செக்கிங்ல பாயிண்ட்டுங்கறது தப்புக்குப் போடறது. சின்னத் தப்புக்கு ஒண்ணு, பெரிய ஓட்டைக்கு நாலு. பாயிண்ட் ஏற ஏற ரோல் ரிஜெக்ட். இருபது வருசமா அண்ணன் கை பழகுனது அதுதான். எங்களையும் அப்படியே டேபிள் மேல ஓட்டிட்டாரு.

அதாவது நான் பெரிய ஓட்டை.

அண்ணன் சாப்பிடப் போயிட்டாரு. விசயம் தெரிஞ்ச ஒரே ஆளு நான்.

உண்மையைச் சொல்லிடறனுங்க. பாத்ரூமுக்குப் போயி பத்து நிமிசம் சும்மா நின்னேன். இன்சார்ஜ். தனி டேபிள். 'சார்'னு கூப்புடுவாங்க. நான் வாயத் தொறக்கலைன்னா யாருக்குத் தெரியப்போவுது?

அந்த பன்னுதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. வெக்கமாப் போச்சு. நேரா ஹெச்.ஆர் ரூமுக்குப் போனேன்.

"சார், எங்க செக்‌ஷன் ஃபார்ம் எல்லாம் தலைகீழா இருக்குதுங்க."

விசயத்தைச் சொன்னேன். அவரு என் ஃபார்மைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு.

"அப்போ நீங்க..."

"ஆமாங்க சார்."

"ஆர் யூ ஷ்யூர்?"

"மணியண்ணன் ரொம்ப ஷ்யூரா இருக்காருங்க."

அரை மணி நேரத்துல ரெண்டு பேப்பரையும் கிழிச்சாங்க. புது யூனிட் இன்சார்ஜ் சரசக்கா! போயிச் சொன்னதுக்கு என் கையைப் புடிச்சாங்க. அப்பத்தான் அழுதாங்க. நானும் கொஞ்சம்... (லைட் டேபிள் வெளிச்சம் கண்ணுக்கு ஆவறதில்லைங்க.)

சந்தோசம். ஆனா தலைகீழாத் திருப்புனா ரெண்டாவது பேப்பர்ல யாரு பேரு வரும்?

ஹெச்.ஆர் சார் மணியண்ணனைக் கூப்பிட்டாரு. "அப்ப திங்கக்கிழமைல இருந்து இந்தத் தம்பிய நிறுத்திடலாங்களா?"

நான் தரையைப் பாத்துட்டு நின்னேன். அண்ணன் என் ஃபார்மை வாங்கி ரோல் பாக்கற மாதிரி மேலயும் கீழயும் பாத்தாரு. காதுல இருந்த பேனாவை எடுத்து, ஒரு நாலை அடிச்சுட்டு மூணு போட்டாரு.

"இருந்துட்டுப் போவட்டுங்க சார். ரெண்டு வருசமா செக்கிங்ல இருக்கான். இன்னிக்குத்தான் மொத தடவையா ஒரு தப்பக் கண்டுபுடிச்சிருக்கான்."